மொறுமொறு அன்னாசியும் தம்போயின் ஈரக் காற்றும்

தம்போய் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது ஓர் ஊர். ஜொகூர் பாருவிலிருந்து ஸ்கூடாய் போகும் வழி, தொழிற்பேட்டை, அங்சானா பேரங்காடி, மாலை நேர வாகன நெரிசல். ஆனால் தம்போய் ஒரு பழத்தின் பெயரும்கூட. ரம்பைக்கு உறவான காட்டு மரம் அது. தடித்த தோலைப் பிளந்தால் உள்ளே புளிப்பும் இனிப்பும் கலந்த சுளைகள் இருக்கும். பறித்த சில நாட்களில் கெட்டுவிடும் என்பதால் பேரங்காடித் தட்டுகளில் அதைப் பார்ப்பது அரிது. தம்போயில் வசிக்கும் பலரும் தம்போய்ப் பழத்தைச் சுவைத்திருக்க மாட்டார்கள்.

இதே வட்டாரத்தில், பண்டார் பாரு ஊடாவில், இன்னொரு பழத்துக்கென்றே ஒரு தலைமையகம் இருக்கிறது. மலேசிய அன்னாசித் தொழில் வாரியத்தின் ‘விஸ்மா நானாஸ்’ அது. நாட்டிலேயே அன்னாசி அதிகம் விளையும் மாநிலம் ஜொகூர். பொந்தியான் பக்கத்துக் கரிமண் நிலங்களில் மற்ற பயிர்கள் திணறும், அன்னாசி செழிக்கும். ஆனால் பழுத்த அன்னாசிக்கும் ஆயுள் சில நாட்கள்தான். டுரியான், ரம்புத்தான், செம்படாக் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். பருவம் வந்தால் ஒரேயடியாகக் குவியும். பருவம் முடிந்தால் மறைந்துவிடும்.

ஆகவேதான் அண்மைக் காலமாகக் கடைகளில் தொங்கும் அந்தப் பளபளப்பான பைகள் கவனத்தை ஈர்க்கின்றன. உள்ளே டுரியான் சுளையோ அன்னாசித் துண்டோ இருக்கும். அளவும் நிறமும் புதுப் பழத்தைப் போலவே இருக்கும். கையில் எடுத்தால் கனமே இருக்காது. கடித்தால் அப்பளம்போல் நொறுங்கும். பையில் மலாயில் ‘கெரிங் செஜுக் பெக்கு’ என்று எழுதியிருக்கும். தமிழில் உறையுலர்த்தல் எனலாம்: முதலில் உறைய வைத்து, பிறகு உலர்த்துவது. இதை வீட்டிலேயே செய்ய முடியுமா, செய்தால் ஆண்டுக்கணக்கில் வைத்துச் சாப்பிடலாமா என்று பலர் கேட்கிறார்கள். இயந்திரத்தின் விலையைக் காட்டிலும் நம் ஊர்க் காற்றுதான் இந்தக் கேள்விக்குப் பெரிய பதிலை வைத்திருக்கிறது. அங்கே போவதற்கு முன் பழத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

நீரைத் தாண்டிக் குதிக்கும் பனிக்கட்டி

ஒரு கிலோ அன்னாசிச் சதையில் ஏறத்தாழ 860 கிராம் நீர் இருக்கிறது. வாழையில் 750 கிராம், டுரியானில் 650 கிராம் அளவுக்கு இருக்கும். பழம் கெடுவதற்கு இந்த நீர்தான் காரணம். பாக்டீரியாவும் பூஞ்சையும் வளர நீர் வேண்டும். நீரை எடுத்துவிட்டால் அவற்றின் வளர்ச்சி நின்றுவிடும். நம் பாட்டிமார் வற்றல் போட்டதும், யாழ்ப்பாணத்தில் பனம்பழக் கூழைப் பாயில் அடுக்கடுக்காகப் பூசிக் காயவைத்துப் பினாட்டு செய்வதும் இந்த அடிப்படையில்தான்.

ஆனால் வெயிலிலோ சூட்டடுப்பிலோ காய்கிற பழம் சுருங்குகிறது. நீர் திரவமாகவே உள்ளிருந்து மேற்பரப்புக்கு ஊர்ந்து வருகிறது. வரும்போது செல் சுவர்களை ஒன்றோடொன்று இழுக்கிறது. கரைந்துள்ள சர்க்கரையையும் கூடவே கொண்டுவருகிறது. கடைசியில் கிடைப்பது கறுத்து, சுருங்கி, தோல்போல் இழுபடும் துண்டு. சுவையானதுதான். ஆனாலும் பழைய பழத்தின் உருவம் அதில் இல்லை.

நீர் திரவமாகாமலேயே வெளியேறினால் எப்படி இருக்கும்? அதற்கு வழி உண்டு. பள்ளியில் ‘பெமெஜால்வாப்பான்’ என்று படித்திருப்பீர்கள். தமிழில் பதங்கமாதல். திண்மம் நேராக வாயுவாக மாறுவது. நீரின் மும்மைப் புள்ளி 0.01 டிகிரி செல்சியஸ், 611 பாஸ்கல். அதாவது நீராவியின் அழுத்தம் 611 பாஸ்கலுக்குக் கீழே இருக்கும்போது பனிக்கட்டியைச் சூடாக்கினால் அது உருகாது, நேராக ஆவியாகிவிடும். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 1,01,300 பாஸ்கல் என்பதோடு ஒப்பிட்டால் 611 எவ்வளவு சிறிது என்பது புரியும்.

இயந்திரத்தில் நடப்பது இதுதான். பழத் துண்டுகளை மைனஸ் 30, 40 டிகிரிக்கு உறைய வைக்கிறார்கள். பிறகு பம்பு காற்றை உறிஞ்சி, அறையின் அழுத்தத்தைச் சில பத்து பாஸ்கலுக்கு இறக்குகிறது. தட்டுகளுக்கு அடியில் மெல்லச் சூடு கொடுக்கிறார்கள். பனிக்கட்டி ஆவியாகப் போகிறது. அது இருந்த இடங்கள் நுண்துளைகளாக அப்படியே நிற்கின்றன. சுவர்கள் இடிவதில்லை, ஏனெனில் இழுப்பதற்குத் திரவ நீர் இல்லை. நீங்கள் கடிக்கும்போது நொறுங்குவது அந்த வெற்று மாளிகைதான்.

பாடநூல் விளக்கங்களில் அடிக்கடி விடுபடும் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். பதங்கமாவதற்கு வெற்றிடம் கட்டாயம் என்று பலர் நினைக்கிறார்கள். உங்கள் வீட்டு ஃபிரீசரில் பல வாரம் மறந்துவிட்ட ஐஸ் கட்டிகள் சிறுத்துப்போயிருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? மூடாமல் வைத்த கோழியிறைச்சியின் ஓரம் வெளுத்து, காய்ந்து, அட்டைபோல் ஆவதையும் பார்த்திருப்பீர்கள். அங்கே பம்பு எதுவும் இல்லை. ஆனாலும் பதங்கமாதல் நடந்திருக்கிறது. மைனஸ் 18 டிகிரியில் பனிக்கட்டியின் ஆவியழுத்தம் சுமார் 125 பாஸ்கல். சுற்றியுள்ள காற்றிலுள்ள நீராவியின் அழுத்தம் அதைவிடக் குறைவாக இருந்தால் போதும். நீர் மூலக்கூறுகள் கிளம்பிவிடும்.

அப்படியானால் பம்பு எதற்கு? வேகத்துக்கு. சாதாரண அழுத்தத்தில் நீர் மூலக்கூறு ஓரடி எடுத்து வைப்பதற்குள் காற்று மூலக்கூறுகள் ஆயிரம் முறை இடித்துத் தள்ளுகின்றன. விடுமுறை நாளில் ஜொகூர் பாரு சோதனைச் சாவடியில் நிற்கும் கூட்டத்தைக் கடப்பது போன்றது அது. காற்றை அகற்றினால் பாதை காலியாகிறது. வீட்டு ஃபிரீசரில் மாதக்கணக்கில் இழுக்கும் வேலை, இயந்திரத்தில் ஒன்றிரண்டு நாளில் முடிகிறது.

பத்து வகுப்பறை நிறைய ஆவி

கேட்க எளிதாக இருக்கிறது. பிறகு ஏன் இந்த இயந்திரம் விலை அதிகம்? ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். நான்காம் படிவ இயற்பியல் போதும்.

மைனஸ் 20 டிகிரியில், 50 பாஸ்கல் அழுத்தத்தில், ஒரு கிராம் பனிக்கட்டி ஆவியானால் அது எவ்வளவு இடத்தை அடைக்கும்? வாயுச் சமன்பாட்டில் போட்டால் ஏறத்தாழ 2,300 லிட்டர் வரும். வெறும் ஒரு கிராம்! ஒரு கிலோ அன்னாசியின் 860 கிராம் நீருக்கு ஏறக்குறைய 2,000 கன மீட்டர். உங்கள் வகுப்பறை 200 கன மீட்டர் என்று வைத்துக்கொண்டால், பத்து வகுப்பறை நிறைய ஆவி. இத்தனையையும் ஒரு சிறு பம்பு உறிஞ்சித் தள்ள முடியாது. ஆகவே இயந்திரத்துக்குள் மைனஸ் 40, 50 டிகிரிக்குக் குளிர்ந்த ஒரு பொறி இருக்கும். ஆவி அங்கே போய் மீண்டும் பனியாகப் படியும். பழத்திலிருந்த பனி இடம் மாறிக் குளிர்ந்த உலோகத்தின் மேல் உட்கார்ந்துகொள்கிறது. பம்பின் வேலை மிச்சமிருக்கும் காற்றை வெளியேற்றுவது மட்டுமே.

வெப்பத்தையும் பாருங்கள். ஒரு கிராம் பனிக்கட்டியை ஆவியாக்க 2,838 ஜூல் வேண்டும். 860 கிராமுக்கு ஏறத்தாழ 24 லட்சம் ஜூல், அதாவது 0.7 யூனிட் மின்சாரம். இது கோட்பாட்டுக் கணக்கு. நடைமுறையில் குளிரூட்டியும் பம்பும் மணிக்கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கும். சராசரியாக ஒரு கிலோவாட் இழுக்கும் இயந்திரம் 30 மணி நேரம் ஓடினால் 30 யூனிட். வீட்டு மின்கட்டண ரசீதில் ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு என்று பார்த்து நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள ஹார்வெஸ்ட் ரைட் போன்ற நிறுவனங்கள் வீட்டுச் சமையலறைக்கென்றே இத்தகைய இயந்திரங்களை விற்கின்றன. விலை இரண்டாயிரம் அமெரிக்க டாலருக்கு மேல். ஒரு குடும்பத்தின் உபரிப் பழத்துக்கு இது நியாயமான செலவு என்று எனக்குத் தோன்றவில்லை. நாலைந்து குடும்பங்கள் சேர்ந்தோ, சிறுதொழிலாகவோ செய்தால் கணக்கு மாறலாம்.

இன்னொரு தொல்லை சர்க்கரை. தூய நீர் 0 டிகிரியில் உறையும். பழச்சாறு அப்படியில்லை. நீர் உறைய உறைய மிச்சமிருக்கும் பாகு கெட்டியாகிறது; அந்தப் பாகு மிகக் குறைந்த வெப்பநிலையில்தான் கண்ணாடிபோல் இறுகும். சுக்ரோசுக்கு அது மைனஸ் 30 டிகிரியை ஒட்டி வரும். குளுக்கோசுக்கும் பிரக்டோசுக்கும் மைனஸ் 40க்கும் கீழே. அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றினால் பாகு இளகி, நுண்துளைகள் இடிந்து, துண்டு பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். இனிப்பு அதிகமான மாம்பழமும் அன்னாசியும் இதில் தொல்லை தருபவை. டுரியானில் நீர் குறைவு, கூடவே கொழுப்பும் மாவுச்சத்தும் இருப்பதால் அது இன்னும் உறுதியாக நிற்கிறது.

மலை உச்சியிலிருந்து கிண்டி வரை

இயந்திரம் வருவதற்கு முன்பே இதற்கு நெருக்கமான ஒன்றைச் செய்தவர்கள் இருக்கிறார்கள். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில், 3,800 மீட்டர் உயரச் சமவெளியில் வாழும் மக்கள் உருளைக்கிழங்கை இரவில் வெளியே பரப்பி உறைய வைக்கிறார்கள். பகலில் இளகியதும் காலால் மிதித்து நீரைப் பிழிகிறார்கள். பிறகு மலைக்காற்றிலும் வெயிலிலும் காயவைக்கிறார்கள். இதற்குச் சூனியோ என்று பெயர். ஆண்டுக்கணக்கில் கெடாது. உலகின் முதல் உறையுலர் உணவு என்று இதைச் சொல்வார்கள். பெரும்பகுதி நீர் மிதித்துப் பிழியப்படுவதால் அது முழு உண்மையல்ல. என்றாலும் அங்கே இது கைகூடியதற்குக் காரணம் குளிர் மட்டுமல்ல. அந்தக் காற்றின் வறட்சி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருவோம்.

ஆய்வுக்கூடத்தில் இதைத் தொடங்கியவர்களில் ஆர்சன்வால், போர்தாஸ் என்ற பிரெஞ்சு அறிவியலாளர்கள் முக்கியமானவர்கள். ஆண்டு 1906. மூன்றாண்டுகள் கழித்து அமெரிக்காவில் ஷாக்கெல் என்பவரும் இதே வழியில் உயிர்ப்பொருள்களை உலர்த்தினார். இரண்டாம் உலகப் போரில் காயமடைந்தோருக்கான இரத்தப் பிளாஸ்மா இப்படித்தான் உலர்த்திப் போர்முனைக்கு அனுப்பப்பட்டது. காப்பித் தூளும் விண்வெளி வீரர்களின் உணவும் பிறகு வந்தவை.

ஆனால் வெப்ப நாட்டில் வாழும் நமக்கு இந்த நுட்பம் செய்த மிகப் பெரிய உதவி உணவில் இல்லை. பெரியம்மை ஒழிப்பில் இருக்கிறது. பழைய அம்மைத் தடுப்பு மருந்து திரவமாக இருந்தது. வெப்பத்தில் சில நாட்களிலேயே வீரியம் இழந்துவிடும். ஐஸ் பெட்டி இல்லாத கிராமத்துக்கு அதை எப்படிக் கொண்டுபோவது? 1950களில் லண்டன் லிஸ்டர் நிறுவனத்தில் லெஸ்லி கோலியர் இதற்கு வழி கண்டார். பெப்டோன் என்ற புரதப் பொருளைச் சேர்த்து, அம்மைப்பால் வைரசை உறையவைத்து உலர்த்தினார். அந்தத் தூள் 37 டிகிரி வெப்பத்திலும் மாதக்கணக்கில் வீரியத்தோடு இருந்தது. இந்தியாவில் இந்த உலர் மருந்தைத் தயாரித்த நிலையங்களில் சென்னை கிண்டியிலுள்ள கிங் நிறுவனமும் ஒன்று. 1980இல் பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது.

இந்தக் கதையில் நம் பழத்துக்கான ஓர் எச்சரிக்கை ஒளிந்திருக்கிறது. கோலியர் உலர்த்தியது உயிர்ப்புள்ள வைரசை. உலர்ந்த பிறகும் அது வீரியத்தோடு இருந்ததால்தான் மருந்து வேலை செய்தது. இன்றும் ஆய்வுக்கூடங்களில் பாக்டீரியா வகைகளைப் பல ஆண்டுகள் பாதுகாத்து வைக்க இதே முறையைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

உறையுலர்த்தல் கிருமியைக் கொல்வதில்லை

அழுக்குக் கத்தியால் வெட்டிய அன்னாசியை உறையுலர்த்தினால் என்ன ஆகும்? பழத்தோடு சேர்த்துக் கிருமியும் பத்திரமாகப் பாதுகாக்கப்படும். ஒரு பகுதி செத்துப்போகலாம். எல்லாம் சாகாது. வறட்சியில் அவை வளராமல் காத்திருக்கும். நீங்கள் நீர் சேர்த்தாலோ வாயில் போட்டாலோ மீண்டும் விழித்துக்கொள்ளும். குளிர் கிருமியைக் கொன்றுவிடும் என்ற நம்பிக்கைக்கு விலை கொடுத்தவர்கள் உண்டு. 2015இல் ஆஸ்திரேலியாவில் இறக்குமதி செய்யப்பட்ட உறைந்த பெர்ரிப் பழங்களைச் சாப்பிட்டவர்களுக்கு ஹெபடைடிஸ் ஏ தொற்று ஏற்பட்டது. ஃபிரீசரின் குளிர் அந்த வைரசை ஒன்றும் செய்யவில்லை.

ஆகவே கை, கத்தி, பலகை, தோலின் மேற்பரப்பு எல்லாவற்றையும் கழுவ வேண்டியது இங்கே வழக்கத்தைவிட முக்கியம். சூடாக்கிச் செய்யும் அன்னாசி ஜாமில் கொதிநிலை நமக்காகக் காவல் காக்கிறது. உறையுலர்த்தலில் அந்தக் காவலாளி இல்லை.

நொதிகளும் அப்படியே தப்பிவிடுகின்றன. புது அன்னாசியைத் தின்றால் நாக்கு அரிக்கிறதே, அது புரோமலைன் என்ற நொதியின் வேலை. டின்னில் அடைத்த அன்னாசியில் சூடு அதை அழித்துவிடும். உறையுலர்ந்த அன்னாசியில் அது பெரும்பாலும் பிழைத்திருக்கும். நிறைய தின்றால் நாக்கு நினைவூட்டும்.

இதைவிடக் கவனிக்க வேண்டிய ஆபத்து ஒன்று உண்டு. தடித்த துண்டுகளில் வெளிப்புறம் காய்ந்து, நடுவில் பனி மிச்சமிருக்கும். அதை அப்படியே எடுத்து, ஆக்சிஜன் உறிஞ்சும் பொட்டலத்தோடு காற்றுப்புகாத பையில் அடைத்து, அலமாரியில் வைத்தால், நடுவிலுள்ள பனி உருகி ஈரமாகிறது. ஆக்சிஜன் இல்லாத, ஈரமான, புளிப்பில்லாத இடம் போட்டுலிசம் நஞ்சை உருவாக்கும் பாக்டீரியாவுக்கு உகந்தது. அன்னாசிக்குப் புளிப்பு ஒரு பாதுகாப்பு. டுரியான், பலா, வாழை ஆகியவற்றுக்கு அந்தப் பாதுகாப்பு குறைவு. துண்டை உடைத்து நடுவைத் தொட்டுப் பார்க்க வேண்டும். குளிர்ந்திருந்தால் உள்ளே இன்னும் பனி இருக்கிறது என்று பொருள். எடை போட்டு, இன்னும் சில மணி நேரம் உலர்த்தி, மீண்டும் எடை போடுவது அதைவிட நம்பகமான வழி. இரண்டு எடையும் ஒன்றாக வரும்வரை விடக்கூடாது.

இயந்திரம் இல்லாமல் உலர் பனிக்கட்டியை வைத்துச் செய்யலாம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அது உறைந்த கார்பன் டையாக்சைடு. மைனஸ் 78 டிகிரி. மூடிய பாத்திரத்தில் வைத்தால் வாயு பெருகி வெடிக்கும். மூடிய அறையில் மூச்சுத் திணறும். வெறும் கையில் பட்டால் தோல் வெந்ததுபோல் ஆகும். சாதாரணக் கண்ணாடிப் போத்தலில் பம்பை மாட்டிக் காற்றை இழுப்பதும் அப்படித்தான். வெளிக்காற்றின் அழுத்தத்தில் போத்தல் உள்நோக்கி நொறுங்கலாம். இரண்டையும் வீட்டில் முயல வேண்டாம்.

நம் காற்று 80, பூஞ்சைக்குத் தேவை 70

இப்போது ஊர்க் காற்றுக்கு வருவோம். உணவு அறிவியலில் நீர்ச் செயற்பாடு என்றோர் அளவு உண்டு. உணவில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதைவிட, அதில் எவ்வளவு கிருமிகளின் கைக்கு எட்டுகிறது என்று அது சொல்கிறது. தூய நீருக்கு 1. புதுப் பழத்துக்கு 0.97க்கு மேல். பெரும்பாலான பாக்டீரியா 0.91க்குக் கீழே வளராது. பூஞ்சை பிடிவாதமானது, பல வகைகள் 0.7 அல்லது 0.8 வரை தாக்குப்பிடிக்கும். 0.6க்குக் கீழே எதுவும் வளராது. நன்றாக உறையுலர்ந்த பழம் இதற்கெல்லாம் வெகு கீழே இருக்கும். அது 0.4ஐ நெருங்கினாலே மொறுமொறுப்பு போய் ரப்பர்போல் ஆகிவிடும்.

இந்த அளவில் ஒரு வசதி இருக்கிறது. திறந்து வைத்த உணவு, சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதத்தோடு மெல்லச் சமநிலைக்கு வரும். காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காடானால் உணவின் நீர்ச் செயற்பாடு 0.5ஐ நோக்கி நகரும். தம்போயின் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. மழை நாளில் அதற்கும் மேல். ஆக, 30 மணி நேரம் ஓடி, அத்தனை யூனிட் மின்சாரம் விழுங்கி உலர்த்திய அன்னாசியைத் தட்டில் திறந்து வைத்தால், அது 0.8ஐ நோக்கிப் பயணம் தொடங்கிவிடும். முதலில் மொறுமொறுப்பு போகும். பிறகு பிசுபிசுக்கும். விட்டுவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

உறையுலர்ந்த பழம் இதில் வற்றலைவிட மோசம். வற்றலின் மேற்பரப்பு சிறியது, இறுகியது. இதுவோ உள்ளெல்லாம் துளை. அந்தத் துளைகள்தான் அதை மொறுமொறுப்பாக்கின. அதே துளைகள்தான் நீராவிக்கும் ஆக்சிஜனுக்கும் வாசலைத் திறந்துவிடுகின்றன. ஆண்டிஸ் மலைவாசிகள் சூனியோவை அலமாரியில் சும்மா வைக்கலாம். அங்கே காற்றே காவல். இங்கே காற்றுதான் திருடன்.

எனவே நம் ஊரில் உலர்த்துவது பாதி வேலைதான். மீதிப் பாதி அடைப்பது. சாதாரண பிளாஸ்டிக் பை கண்ணுக்கு மூடியிருந்தாலும் நீராவியை மெல்ல மெல்ல உள்ளே விடும். கடைப் பைகளின் உள்பக்கம் வெள்ளிபோல் மின்னுவது அழகுக்காக அல்ல; அலுமினியப் படலம் நீராவி, ஆக்சிஜன், வெளிச்சம் மூன்றையும் தடுக்கிறது. வீட்டில் இறுகிய மூடியுள்ள கண்ணாடிப் புட்டி நல்லது. உள்ளே போடும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஈரத்தை இழுக்கும். ஆக்சிஜன் உறிஞ்சியில் இருப்பது இரும்புத் தூள். அது துருப்பிடித்துத் துருப்பிடித்தே புட்டியிலுள்ள ஆக்சிஜனைத் தீர்க்கும். இரண்டின் வேலையும் வேறு. டுரியானில் கொழுப்பு இருப்பதால் ஆக்சிஜன் பட்டால் சிக்கு வாடை வரும். பலாவின் மஞ்சள் நிறமும் வைட்டமின் சி சத்தும் அதே ஆக்சிஜனால்தான் குறையும். பெரிய புட்டியில் மொத்தமாக அடைத்துத் தினமும் திறப்பதைவிட, ஒரு முறை தின்று தீர்க்கும் அளவில் சிறு சிறு பைகளாக அடைப்பது மேல். ஒவ்வொரு திறப்பும் தம்போயின் காற்றை உள்ளே அழைக்கிறது.

சில நிறுவனங்கள் 25 ஆண்டு கெடாது என்று விளம்பரம் செய்கின்றன. குளிர்ந்த, இருண்ட, வறண்ட கிடங்கு கிடைத்தால் அப்படி நீண்ட காலம் வைக்க இயலும். ஆனால் வேதிவினைகள் வெப்பம் 10 டிகிரி கூடினால் ஏறக்குறைய இரு மடங்கு வேகமாகும் என்பது பொதுவான கணக்கு. நம் வீட்டு அலமாரி ஆண்டு முழுவதும் 30 டிகிரியை ஒட்டி நிற்கிறது. அந்த 25ஐ அப்படியே நம் வீட்டுக்கு எடுத்துவர முடியாது.

தின்பண்டமாகப் பார்த்தால் இன்னொரு கணக்கும் உண்டு. 30 கிராம் உறையுலர் அன்னாசிப் பை கையில் வைத்தால் ஒன்றுமில்லாதது போலிருக்கும். அது ஏறத்தாழ 200 கிராம் புதுப் பழம். சர்க்கரை மட்டும் சுமார் 20 கிராம். பழத்தில் உள்ள அதே சர்க்கரைதான், கூட ஒன்றும் சேர்க்கவில்லை. ஆனால் 200 கிராம் அன்னாசி தின்றால் வயிறு சொல்லும், 30 கிராம் நொறுக்குத் தீனியை வயிறு கண்டுகொள்ளாது. பல்லில் ஒட்டுவதும் அதிகம். தின்றதும் தண்ணீர் குடியுங்கள்.

நான்கு வாரம், ஒரு தராசு

இயந்திரம் இல்லாமல் இந்த அறிவியலைக் கையால் தொட்டுப் பார்க்க வழி இருக்கிறது. அன்னாசியை மூன்று மில்லிமீட்டர் தடிமனில் மெல்லிய துண்டுகளாக வெட்டுங்கள். நூறு நூறு கிராமாக இரண்டு பங்கு எடுத்து, ஒரு பங்கைக் கம்பி வலைத் தட்டில் திறந்தபடி ஃபிரீசரில் வையுங்கள். மற்றதைக் காற்றை வெளியேற்றி, ஸிப் பையில் மூடி அருகிலேயே வையுங்கள். மூன்று நாளுக்கு ஒரு முறை இரண்டையும் எடை போட்டுக் குறித்து வாருங்கள். எடை போடும்போது துண்டுகள் இளகாமல் ஒரு நிமிடத்துக்குள் திருப்பி வைத்துவிட வேண்டும். உங்கள் குளிர்சாதனப் பெட்டி பனி படியாத வகையா, பனி கட்டிக்கொள்ளும் பழைய வகையா என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். பனி படியாத வகையில் விசிறி வறண்ட காற்றைச் சுற்றிச் சுற்றி அனுப்பும். அது முடிவை மாற்றுகிறதா என்று பார்க்க, வேறு வகைப் பெட்டி வைத்திருக்கும் நண்பர் வீட்டிலும் இதே சோதனையைச் செய்யச் சொல்லுங்கள்.

இரண்டாவது சோதனைக்கு ஒரு மாலை போதும். கடையில் வாங்கிய உறையுலர் பழத்தில் பத்துப் பத்துக் கிராமாக இரண்டு பங்கு. ஒன்றை வரவேற்பறையில் தட்டில் திறந்து வையுங்கள். மற்றதைச் சிலிக்கா ஜெல்லோடு புட்டியில் மூடுங்கள். தட்டிலுள்ளதைக் கால் மணி நேரத்துக்கு ஒரு முறை எடை போட்டு, நேரத்துக்கு எதிராக வரைபடம் வரையுங்கள். 0.1 கிராம் காட்டும் தராசு வேண்டும். பள்ளி அறிவியல் கூடத்தில் இருக்கும், ஆசிரியரிடம் கேளுங்கள். புட்டியிலுள்ளதைக் கடைசியில் ஒரு முறை மட்டும் எடை போட்டால் போதும். மழை பெய்த மாலையில் ஒரு முறை, குளிரூட்டி ஓடும் அறையில் ஒரு முறை என்று திரும்பச் செய்து, வரைபடங்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். எந்தக் கோடு முதலில் சாய்வு குறைந்து சமநிலையை நெருங்குகிறது, அது எந்த எடையில் என்று கவனியுங்கள். தட்டிலிருந்த பங்கைச் சாப்பிட வேண்டாம். புட்டியிலிருந்தது உங்களுக்கு.